நட்சத்திர மண்டலங்களின் தூசி

தூசியென்றால் துடைத்தெறிய வேண்டியதொன்று என்பதே உலக வழக்கு. வானத்தை ஆராய்ந்த அறிஞரும் நெடுங்காலம் ஏறக்குறைய அவ்வாறே எண்ணினர். விண்மீன்களுக்கிடையே நுண்ணிய தூசி பரவி நின்று, அப்பாலுள்ளவற்றின் ஒளியை மங்கச் செய்கின்றது என்பதை 1930 ஆம் ஆண்டில் றொபேட் திறம்ளர் என்ற வானியலறிஞர் தெளிவாக எடுத்துக்காட்டினார். அத்தூசிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அது அகிலத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது என்பதும் பின்னரே விளங்கின.

இத்தூசி வீட்டுத் தூசி போன்றதன்று; புகையையே பெரிதும் ஒத்தது. காபனும், மணலின் இனத்தைச் சேர்ந்த சிலிக்கேற்றுப் பொருள்களும் சேர்ந்த இதன் துகள்களிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறியவை. நட்சத்திர ஒளியை இவை விழுங்கிச் சிறிது வெப்பமடைகின்றன. அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களாக வெளிவிடுகின்றன. பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த கருங்கல் பொழுது சாய்ந்த பின்னும் அனல் வீசுவதை அறியாதார் இலர். தூசியின் செயலும் அத்தகையதே. ஆயின் விண்வெளித் தூசியின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருநூறு பாகைக்கும் மேலாகத் தாழ்ந்திருப்பது வழக்கம்.

செங்கீழ்க் கதிர்களுட் பெரும்பாலானவற்றைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. ஆகவே, அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரித்தானியாவும் கூடி 1983 ஆம் ஆண்டில் ஒரு செய்ம்மதியை அனுப்பின. சாதாரண ஒளியில் மங்கலாகத் தோன்றிய சில நட்சத்திர மண்டலங்கள் செங்கீழ்க் கதிரிற் பேரொளி வீசுவதை அது காட்டிற்று. ஏறக்குறைய 25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்ப் 220 அவற்றுள் ஒன்று. இரு மண்டலங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் அவ்விடத்தில், ஒரு இலட்சம் கோடி சூரியர்களின் ஒளியிலும் மிகுந்த ஆற்றல் வெளிப்படுகின்றது. அதில் மிகப் பெரும்பங்கு தூசியினூடாகவே வருகின்றது.

தொலைவை நோக்குவது பழமையை நோக்குவதாகும். ஒளி வந்து சேரக் காலம் செல்லுமன்றோ! 1990 களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவின் மலையுச்சியிலிருந்தும், 2009 முதல் 2013 வரை ஹேர்ஷல் விண்வெளி ஆய்வகத்தைக் கொண்டும், பின்னர் சிலி நாட்டுப் பாலைநிலத்தில் நிறுவப்பட்ட அல்மா எனப்படும் 66 அலைவாங்கிகளைக் கொண்டும் அறிஞர் பழங்காலத்தை நோக்கினர். இன்று மிக அரிதாகக் காணப்படும் இத்தகைய மண்டலங்கள், 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பன்மடங்கு மலிந்திருந்தன. அக்காலமே நட்சத்திரப் பிறப்பு உச்சம் பெற்றிருந்த காலம்.

அன்றைய தூசிக்கும் இன்றைய தூசிக்கும் வேறுபாடு உண்டு. இன்று இவ்வாறு ஒளிர்வன பெரும்பாலும் மோதலால் விளைந்தவை. வாயுவும் தூசியும் நடுவே நெருக்குண்டு, தூசி மிகுதியாகச் சூடேறுகின்றது. பழங்காலத்து மண்டலங்களோ இயல்பாகவே வாயு நிறைந்தவை. மோதலின்றியும் நட்சத்திரங்களைப் பெருக்கின. அவற்றுட் பலவற்றில் தூசி பரந்து கிடந்தமையால், ஒரே அளவான ஒளி உள்ளவற்றை ஒப்பிடும்போது, பழையவற்றின் தூசி குளிர்ந்ததாகவே காணப்படுகின்றது.

இத்தூசி எங்கிருந்து வந்தது? முதுமையெய்திய நட்சத்திரங்கள் தம் புறப்படைகளை உதிர்க்கும்போது தூசி உண்டாகின்றது. ஆனால் அந்த முதுமைக்குப் பெரும்பாலும் நெடுங்காலம் வேண்டும். அகிலம் தோன்றி ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகளே சென்ற காலத்து மண்டலம் ஒன்றிலும் தூசி இருப்பது 2015 இல் அறியப்பட்டது. விரைவில் மடிந்து வெடிக்கும் பெரிய நட்சத்திரங்களே அதற்குக் காரணமாகலாம். 1987 இல் வெடிக்கக் காணப்பட்ட நட்சத்திரத்தின் எச்சத்தில், சூரியனின் திணிவில் ஏறக்குறைய அரைப்பங்கு தூசி இருப்பதை ஹேர்ஷல் ஆய்வகம் காட்டியது. எனினும், வெடிப்பின் அதிர்ச்சியலை தூசியை அழிக்கவும் வல்லது. எஞ்சிய துகள்கள் குளிர்ந்த முகில்களில் அணுக்களைச் சேர்த்து மீண்டும் வளரும் என்பர். ஆக்கமும் அழிவும் எவ்வாறு ஈடாயின என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பெருகிய தூசி பின்னர் குறையவும் தொடங்கிற்று. வாயு நட்சத்திரங்களாக மாறும்போது அதனோடிருந்த தூசியும் அவற்றுட் புகுந்தது, சில தூசி வெளியே வீசப்பட்டது, சில சிதைந்தது. நட்சத்திரப் பிறப்புத் தளர்ந்தபோது புதிய தூசியின் வரவும் தளர்ந்தது.

தூசியைக் கணக்கிற் கொள்ளாதவர் அகிலத்தின் வரலாற்றைச் சரிவரக் கூற இயலாது. நட்சத்திரங்கள் இதுகாறும் சொரிந்த ஒளியிற் பாதியளவு தூசியால் விழுங்கப்பட்டு, வெப்பக் கதிராக மாறியுள்ளது என அளந்தறியப்பட்டுள்ளது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மாத்திரம் நம்பியிருந்தால், பிறந்த நட்சத்திரங்களுட் பெருந்தொகையானவை எண்ணப்படாமலே போயிருக்கும். அன்றியும், சூரியனைச் சுற்றிய வாயுத் தட்டில் இத்தகைய துகள்கள் ஒட்டித் திரண்டே பூமி உருவாயிற்று. நெடுநாள் இடையூறென்று கருதப்பட்ட அத்தூசி இல்லையேல், அதனை ஆராய்வதற்கு மனிதன் நிற்கும் நிலமும் இல்லை.