பழைய டார்ச்சில் சார்ஜ் பேட்டரி போட ஓர் உறை

மின்தடையில் கிடங்கில் மூட்டை எண்ணவும், இரவில் ஷட்டர் பூட்டவும் பெரிய பேட்டரிக் கட்டை போடும் பழைய டார்ச் லைட் நம்மில் பலரிடம் இன்னும் இருக்கிறது. எறிய மனம் வருவதில்லை. கட்டை வாங்கும் செலவும் விடுவதில்லை. அந்தப் பெரிய அளவில் சார்ஜ் செய்யும் பேட்டரி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தில் போடும் சின்ன அளவிலோ எளிதாகக் கிடைக்கிறது. சின்னதைப் பெரியதன் இடத்தில் உட்கார வைக்க ஓர் உறை செய்துகொண்டால் போதும்.

பெரிய கட்டை சுமார் 61 மி.மீ. உயரம், 33 மி.மீ. விட்டம். சின்னது 50 மி.மீ. உயரம், 14 மி.மீ. விட்டம். ஆகவே சுற்றிலும் உள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். உயரத்தில் குறையும் 11 மி.மீ. இடத்தை உலோகத்தால் இணைக்க வேண்டும்.

வெளிவிட்டம் 32 மி.மீ. உள்ள பிவிசி குழாயில் 55 மி.மீ. நீளத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதன் அடிவாய்க்குள் பொருந்தும்படி கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒன்றை நறுக்கி, நடுவில் துளையிட்டு, சிறிய பித்தளை போல்ட்டைக் கீழிருந்து நுழைத்து, உள்ளே நட்டால் இறுக்கி, வில்லையைப் பசையால் ஒட்டிவிடுங்கள். போல்ட்டின் தலையிலிருந்து நட்டின் மேற்பரப்பு வரை 11 மி.மீ. வர வேண்டும், மிஞ்சும் நுனியை அறுத்துத் தேய்த்துவிடலாம். பேட்டரியைச் சுற்றி, கடையில் கிடக்கும் அட்டைப்பெட்டியின் துண்டை இறுக்கமாகச் சுற்றி, குமிழ் மேலே சற்று நீட்டியிருக்குமாறு குழாயில் இறக்குங்கள். தட்டைப் பக்கம் நட்டின் மேல் நன்றாக உட்கார வேண்டும். சிலர் போல்ட்டுக்குப் பதில் சாக்லேட் தாளைச் சுருட்டித் திணிப்பார்கள். அது நசுங்கித் தொடர்பு விட்டுவிட்டு வரும், வேண்டாம்.

சாதாரணக் கட்டை 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்டுதானே என்று கேட்கலாம். சாதாரணக் கட்டையின் வோல்ட் எரிய எரிய இறங்கிக்கொண்டே போகும். இது தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். 2000 மில்லி ஆம்பியர் பேட்டரி, 0.3 ஆம்பியர் பல்புக்குச் சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். பெரிய அல்கலைன் கட்டை இதைவிடப் பல மடங்கு நேரம் வரும் என்பதும் உண்மை. எனவே தினமும் எடுக்கும் டார்ச்சுக்குத்தான் இது லாபம். புயலுக்கென்று மாதக்கணக்கில் எடுத்து வைக்கும் டார்ச்சுக்குச் சாதாரணக் கட்டையே மேல். சார்ஜ் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல இறங்கிவிடும்.

வாங்கும்போது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியும் சந்தையில் உண்டு. அதில் இரண்டைப் போட்டால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் பாய்ந்து, இரண்டு கட்டை டார்ச்சின் பல்பு அந்தக் கணமே போய்விடும். புதிதையும் பழையதையும் சேர்த்துப் போடக் கூடாது. சார்ஜ் செய்யப் பேட்டரியை உறையிலிருந்து எடுத்து, அதற்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும். சாதாரணக் கட்டையை அந்தச் சார்ஜரில் வைத்தால் கசியும், வெடிக்கவும் கூடும்.

நம் வியாபாரிகளுக்கென்றே இன்னொன்று: இந்தப் பேட்டரியைக் கல்லாப்பெட்டியில் சில்லறையோடு போட்டு வைக்காதீர்கள். நாணயம் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் கை சுடும் அளவுக்குக் கொதிக்கும். உறையையும் நம் உபயோகத்துக்கு மட்டும் செய்துகொள்வோம். நாலு செய்து கடையில் தொங்கவிட்டால், வாங்கிப் போகிறவர் அதற்குள் எந்தப் பேட்டரியைப் போடுவார் என்பது நம் கையில் இல்லை.