எந்த மரத்துக்கு எந்த மெஷின்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவற்றை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் அடுத்த கன்று வைக்க முடியும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான சாலையோர மரங்கள் விழுந்து போக்குவரத்தே நின்றது. இரண்டு முறையும் ஊரை மீட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் மரம் அறுக்கும் மெஷின்காரர்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவியைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

கடையில் முதலில் கேட்கப்படுவது “எத்தனை சிசி, எத்தனை ஹெச்.பி.?” என்பதுதான். அறுக்கப் போவது என்ன மரம், அடிமரம் எவ்வளவு பருமன், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மெஷின் கையில் இருக்கும் என்பவை அதற்கும் முன்னால் வரவேண்டிய கேள்விகள். இவற்றுக்குப் பதில் தெரிந்தால் சிசி தானாக முடிவாகும்.

தென்னையை எடுத்துக்கொள்வோம். வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. மெஷின் பிடிப்பவருக்கு அது இன்றைக்கும் பயன்படும் பாடம். தென்னையிலும் பனையிலும் செயின் முதலில் மோதுவது கெட்டியான ஓரத்தில். நடுவில் பஞ்சுபோல ஓடி, மறுபக்கம் மறுபடி கெட்டியில் ஏறும். நாரும் அதிலுள்ள சிலிக்காவும் செயின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். புளிய மரத்திலும் வேம்பிலும் நிலைமை நேர்மாறு: உள்ளே போகப்போக வைரம் பாய்ந்த கட்டை, மெஷின் மூச்சு வாங்கத் தொடங்கும். தூங்குமூஞ்சி மரம் மென்மைதான், ஆனால் அடிமரப் பருமன் மிரட்டும். மூன்றுக்கும் ஒரே மெஷின், ஒரே பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), ஒரே செயின் என்று போனால் ஏதாவது ஒன்றில் சிக்கும்.

தொழில்முறை மெஷின்களை மூன்று அடுக்காகப் பார்க்கலாம். 50 சிசி ஒன்று. ஸ்டில் எம்.எஸ். 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி. போன்றவை இந்த ரகம். சுமார் 4 குதிரைத்திறன், பார் இல்லாமல் எடை ஏறக்குறைய 5 கிலோ. சவுக்கு, சிறு தென்னை, கிளை கழிப்பது எல்லாவற்றுக்கும் போதும். அடுத்தது 70 சிசி. எம்.எஸ். 462 என்பது 72.2 சிசி, 6 குதிரைத்திறன், 6 கிலோ. சாலையோரப் பெரிய மரங்களை வாழ்நாள் தொழிலாகச் செய்பவருக்கு இந்த அடுக்கே முதுகெலும்பு என்பது என் உறுதியான கருத்து. 90 சிசிக்கு மேல் போனால் எம்.எஸ். 661, அதற்கும் மேலே 121.6 சிசி கொண்ட எம்.எஸ். 881. பின்னது பாரும் செயினும் சேராமலே ஏறக்குறைய 10 கிலோ. அது மரத்தைப் பலகையாக அறுக்கவும், ராட்சத அடிமரத்துக்கும் பிறந்தது. மற்ற வேலைக்குத் தூக்கினால் மத்தியானத்துக்குள் தோள் விட்டுப்போகும். தோள் களைத்த பிறகுதான் கை தவறுகிறது. மாதத்தில் ஒருநாள் தேவைப்படும் பெரிய மெஷினை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

1926இல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் உருவாக்கிய மின்சார வாளை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். 2019இல் எலக்ட்ரானிக் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனோடு வந்த எம்.எஸ். 500i 6.2 கிலோ எடையில் 6.8 குதிரைத்திறன் தருகிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் கதை பெரும்பாலும் எடை குறைந்த கதைதான். ஆகவே ஹெச்.பி.யை மட்டும் பார்க்காமல், ஒரு கிலோ எடைக்கு எத்தனை ஹெச்.பி. என்று வகுத்துப் பாருங்கள்.

பார் நீளத்தில் ஆசைப்படுவது அடுத்த தவறு. 50 சிசி மெஷினில் 22 அங்குல பாரை மாட்டி இணையத்தில் விற்கிறார்கள். முழு பாரும் கட்டைக்குள் புதைந்ததும் வேகம் செத்துவிடும், கிளட்ச் சூடேறும், செயினுக்குப் போதிய ஆயிலும் போகாது. 50 சிசிக்கு 18 அங்குலம் வரை, 70 சிசிக்கு 20 முதல் 25 வரை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் அறுக்கத் தெரிந்தவர் 20 அங்குல பாரை வைத்து 3 அடிப் பருமனைக்கூட முடித்துவிடுவார்.

இனி செயின். மெஷினுக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் காட்டவேண்டும். மரத்தை அறுப்பது இஞ்சின் அல்ல, அந்தச் சின்னப் பற்கள். 1940களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்துண்டைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவின் தாடைகளைக் கவனித்தார். அது இடமும் வலமும் மாறிமாறிக் கடித்து முன்னேறியது. அதே முறையில் அவர் செய்த செயினின் அமைப்புதான் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. இதில் கூர்முனை கொண்ட ஃபுல் சிசல் பற்கள் சுத்தமான பச்சை மரத்தில் பறக்கும். ஆனால் மண் பட்டால் உடனே மழுங்கும். முனை சற்று வளைந்த செமி சிசல் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் கூர் நீடிக்கும். புயலில் விழுந்து சேறு அப்பிய மரம், ஆணி அடித்த சாலையோர மரம், தென்னை ஆகிய மூன்றுக்கும் செமி சிசல்தான். மரத்தூள் துகள் துகளாக விழாமல் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது மெஷினை அழுத்தாமல் நிறுத்திவிட்டு அரத்தை எடுக்கவேண்டும். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5. தவறான அளவு அரத்தில் தீட்டிய பல், தீட்டாத பல்லைவிட மோசம்.

எண்ணெய் விஷயத்தில் மிச்சம் பிடிப்பது பெரிய நஷ்டத்தில் முடியும். இந்த இஞ்சின்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் ஓடுபவை. தயாரிப்பாளர் சொன்ன டூ-ஸ்ட்ரோக் ஆயிலை, பெரும்பாலான தொழில்முறை மெஷின்களுக்கு 50க்கு 1 விகிதத்தில், அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி, அளந்து கலக்கவேண்டும். கண்ணளவில் ஊற்றி பிஸ்டன் பிடித்த மெஷின்கள் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கிடக்கின்றன. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீராகப் பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். வாங்கும் மெஷின் அந்தப் பெட்ரோலைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். வேலை இல்லாத வாரங்களில் டேங்கைக் காலி செய்து வையுங்கள். செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். அது பம்பைத் தின்பதோடு, தெறித்துத் தோலிலும் மூச்சிலும் சேர்கிறது.

பேட்டரி மெஷின்கள் கிளை கழிக்கும் வேலைக்கு நன்றாகவே வந்துவிட்டன. நாள் முழுக்க அடிமரம் அறுக்க இன்னமும் பெட்ரோல்தான்.

கடையில் மெஷினைக் கையில் எடுத்ததும் சோதிக்க வேண்டியவை உண்டு. பார் நுனியின் மேல் கால்பகுதி கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் செயினை நிறுத்தத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் பிரேக் இருக்கிறது. அதை ஓடவிட்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் செயின் நின்றுவிடவேண்டும். அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு எப்படி என்று கேளுங்கள். ஐரோப்பாவில் எட்டு மணி நேர வேலைக்கு வினாடி வர்க்கத்துக்கு 5 மீட்டர் என்று அதிர்வுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் அதிர்வு வாங்கிய விரல்கள் வெளுத்து, உணர்ச்சியற்றுப் போவது உண்மையான நோய். உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், பக்கத்தில் சர்வீஸ் உண்டா என்பதும் விலையைவிட முக்கியம். மலிவாக வரும் நகல் மெஷின்களில் இதற்குப் பதில் இருக்காது.

மேல்கைப்பிடி கொண்ட சிறிய மெஷினை ஒரு கையால் பிடித்து, இடுப்பில் சரியான கயிறுகூட இல்லாமல் கிளையில் நின்று அறுப்பது நம் ஊரில் அன்றாடக் காட்சி. அந்த மெஷின் கயிற்றில் தொங்கி வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்களுக்காகவே செய்யப்பட்டது. தரையில் நிற்பவர் அதை வாங்கவே கூடாது.

கைலியோடும் செருப்போடும் இந்த வேலை செய்பவர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பாதுகாப்புக் கால்சட்டைக்குள் நீள நீளமான செயற்கை இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அவை உருவி வந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். காதுமூடி, முகவலை கொண்ட ஹெல்மெட், எஃகு முனை பூட்ஸ் ஆகியவையும் சேரவேண்டும். மெஷினை வாங்கும் காண்ட்ராக்டர் இவற்றையும் அதே பில்லில் வாங்கவேண்டும். கையில் உள்ள பணத்தில் இரண்டும் அடங்காது என்றால், 70 சிசியை விட்டு 50 சிசிக்கு இறங்குங்கள். கால்சட்டையை விடாதீர்கள்.