ஜிம்முக்குத் திரும்பும் முன்: முதுகைத் தாங்கும் தசைகளை அறிவோம்

முதுகுவலி தணிந்து வீடு திரும்புவோர் எங்களிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “டாக்டர், இனி ஜிம்முக்குப் போகலாமா?” என்பதே. போகலாம், பெரும்பாலோர் போகவும் வேண்டும். நீண்ட நாள் படுத்தே இருப்பது முதுகுக்கு நன்மை செய்வதில்லை. ஆனால் எந்தப் பயிற்சியில் தொடங்குவது என்பதில் கவனம் தேவை. ‘வயிறு வலுவானால் முதுகு தானே தேறும்’ என்று நம்பி, முதல் நாளே ஐம்பது சிட்-அப் எடுத்துவிட்டு, மறுநாள் எழ இயலாமல் திரும்பி வருவோரை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடையே, டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. தசைகளை நீக்கிய இந்த அடுக்கின்மீது ஆய்வகத்தில் எடை ஏற்றியபோது, ஏறக்குறைய 9 கிலோவிலேயே அது நிலைகுலைந்து வளைந்தது. நம் தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் எடையோ அதைவிடப் பன்மடங்கு. எனினும் நாம் நிமிர்ந்து நிற்பதற்குத் தசைகளே காரணம். மொட்டை மாடியில் நிற்கும் ஆன்டெனாக் கம்பத்தை நாற்புறமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் தாங்குவது போல, வயிறு, விலா, முதுகுத் தசைகள் முதுகெலும்பைச் சுற்றி நின்று தாங்குகின்றன. ஒரு கம்பியை மட்டும் முறுக்கினால் கம்பம் நேராக நிற்காது.

இத்தசைகளின் முதன்மையான பணி முதுகை வளைப்பதன்று. வேண்டாத அசைவைத் தடுப்பதே. நலமுள்ள ஒருவர் கையை உயர்த்தும்போது, கை அசைவதற்கு முன்பே அவரது ஆழ்ந்த வயிற்றுத் தசை இறுகிவிடுகிறது. முதுகுவலி உள்ளவர்களிடம் இந்த இறுக்கம் தாமதமாவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1996-இல் பதிவு செய்தனர். ஆகவே நமக்குத் தேவை முரட்டு வலிமையைவிட, உரிய நேரத்தில் இறுகி, சிறிது நேரம் தளராமல் நிற்கும் தாங்குதிறன்.

சிட்-அப் இதற்கு உதவுவதில்லை. ஒவ்வொரு முறையும் அது இடுப்பு முதுகெலும்பின்மீது 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்கு ஈடான அழுத்தத்தை ஏற்றுகிறது. அடிபட்ட டிஸ்குக்கு அது பெரும்பாரம்.

அதற்கு மாற்றாக, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளை நாங்கள் பரவலாகக் கற்பிக்கிறோம்.

முதலாவது: மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டவும். உள்ளங்கைகளை இடுப்பின் குழிவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோள்களையும் தரையிலிருந்து சற்றே உயர்த்தவும். முதுகு தட்டையாகிவிடக் கூடாது.

இரண்டாவது: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தவும். பின்னர் மறுபுறமும் செய்யவும்.

மூன்றாவது: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டவும். அடுத்து இடக்கை, வலக்கால்.

ஒவ்வொரு நிலையிலும் 10 வினாடிக்கு மேல் நிற்க வேண்டாம். முதலில் 6 முறை, சற்று ஓய்வுக்குப் பின் 4, பின்னர் 2 என எண்ணிக்கையைக் குறைத்துச் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு இது மிக முக்கியம். இரவில் டிஸ்குகள் நீரை ஈர்த்து உப்பியிருப்பதால், எழுந்தவுடன் முதல் ஒரு மணி நேரம் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்கவும்.

உடனிருந்து கவனிக்கும் குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. மூன்றாவது பயிற்சியின்போது இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்; செய்பவருக்கு அது தெரியாது. நோயாளியைத் தூக்கி அமர்த்தும் உங்கள் முதுகுக்கும் இதே பயிற்சி தேவை.

இது மாயமருந்தன்று. நாட்பட்ட முதுகுவலிக்கு நடைப்பயிற்சி உள்ளிட்ட பிற உடற்பயிற்சிகளும் பலனளிக்கின்றன; விடாமல் செய்வதே முக்கியம். எடை தூக்கும் பயிற்சிகளைச் சில வாரங்கள் கழித்து, இயன்முறை மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்கலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் எந்தப் பயிற்சிக்கும் முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

பயிற்சியின்போது வலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், பாதம் தளர்ந்து தொங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல், அது நள்ளிரவே ஆனாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். நரம்பைக் காப்பாற்ற அந்தச் சில மணி நேரமே நம் கையில் உள்ளது.