மீன் தொட்டி மோட்டாருக்கு வினாகிரி வைத்தியம்

மீன்பாடும் தேன்நாடு என்று நம் மட்டக்களப்புக்குப் பெயர். வாவி மீன்களின் பாட்டு ஒருபுறம் இருக்கட்டும். நம் வீட்டு விறாந்தை மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைச் சற்றுப் பாருங்கள். பெருநாள் காசில் பிள்ளைகள் ஆசையாய் வாங்கி வந்த கப்பியும் தங்கமீனும் அதில் நீந்துகின்றன. வாங்குவது பிள்ளைகள்; கழுவுவது யார்? உம்மாதானே!

ஒருநாள் மோட்டார் 'கர்ர்' என்று இரையும், தண்ணீர் வராது. பழுதாகிவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே பாசியும் சுண்ணாம்பும்தான் அடைத்திருக்கும். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் இது. புளிப்புப் பட்டால் கரைந்துவிடும்.

எப்படிச் செய்வது?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக்கையோடு விளையாடக் கூடாது. பிளக்கைக் கழற்றும் வரை தொட்டிக்குள் கை வைக்க வேண்டாம்.

மோட்டாரின் முன்மூடியைத் திறந்தால் காந்தத்தோடு கூடிய சிறிய விசிறி இருக்கும். அதை மெதுவாக வெளியே எடுங்கள். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, விசிறியையும் மூடியையும் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறும் உதவும். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். புளிப்பு மணம் போன பின்பே தொட்டியில் பூட்டுங்கள்.

சவர்க்காரம் வேண்டாம்

சட்டி பானை கழுவும் பழக்கத்தில் சவர்க்காரமோ சலவைத்தூளோ போட்டுவிடாதீர்கள். அதன் மிச்சம் மீனின் செவுளைப் பாதிக்கும். வாயில்லா ஜீவன் சொல்லத் தெரியாமல் செத்துப்போகும்.

ஸ்பொஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை மாற்றியமைக்கும் நல்ல பக்டீரியாக்கள் அந்த ஸ்பொஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய் நீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி பழைய தண்ணீர் எடுத்து, அதில் ஸ்பொஞ்சைப் பிழிந்து கழுவுங்கள். "பளிச்சென்று கழுவினேன், மறு வாரமே மீன் செத்தது" என்று பலர் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிருக்கே ஆபத்து

சகோதரிகளே, இதை மறக்கவே வேண்டாம். வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தேசிக்காயும் அப்படித்தான். 'இரண்டும் சேர்ந்தால் அழுக்கு இன்னும் நன்றாகப் போகும்' என்று நினைப்பது பெரும் தவறு. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் முதலாம் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டது இதே வாயுதான். கதவடைத்த குளியலறையில் அது கிளம்பினால் மூச்சு முட்டும். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இன்னும் விரைவில் பாதிக்கப்படுவார்கள். தவறிக் கலந்துவிட்டால் உடனே எல்லோரும் வெளியே காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

பிளீச்சைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.

இன்னும் சில

காற்று மோட்டாரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே இறங்கி மோட்டாருக்குள் புகுந்துவிடும். வயரைப் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டால், வழியும் நீர் பிளக்கைத் தொடாமல் தரையில் சொட்டும்.

கழுவிய பழைய தண்ணீரைப் பூமரங்களுக்கு ஊற்றுங்கள், நல்ல பசளை. ஆனால் வேண்டாத மீனை வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கப்படும் 'சக்கர்' மீன் அப்படித்தான் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகி, ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது. வாவியை நம்பி எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகிறது அல்லவா?

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிளக்கைக் கழற்றும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்; பிரஷ்ஷால் தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாங்கிய உயிரைப் பேணும் பொறுப்பும் அவர்களுக்குப் பழகட்டும்.