பிளாஸ்டிக் பலகையில் ஓட்டை போடுவது எப்படி?

ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி சூழ்ந்த ஊர். மைசூரில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர். ரங்கநாதர் கோயிலையும் திப்பு சுல்தான் கோட்டையையும் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை நம்பிக் கடைகள் இருக்கின்றன. கடை என்றால் பெயர்ப் பலகை வேண்டும் அல்லவா?

முன்பு தகரத்தில் பெயிண்டால் எழுதினார்கள். இப்போது பிளாஸ்டிக் பலகையும் வந்துவிட்டது. 2024இல் கர்நாடகத்தில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதனால் பழைய பலகையைக் கழற்றிப் புதிதாக மாட்டியவர்கள் உண்டு.

பலகை செய்வதில் கடைசி வேலை ஓட்டை போடுவது. எழுத்தை வெட்டி, ஒட்டி, எல்லாம் முடிந்திருக்கும். மூலைக்கு ஒன்றாக நான்கு ஓட்டை. நான்காவது ஓட்டையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பலகையில் விரிசல்! பலகையும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. ஏன் இப்படி ஆகிறது?

கண்ணாடி போலப் பளபளக்கும் பலகைக்கு அக்ரிலிக் என்று பெயர். இது 1930களில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களில் கண்ணாடிக்குப் பதில் இதைப் பொருத்தினார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் வளையாது, உடையும்.

நம் டிரில் மிஷினில் இருக்கும் பிட் இரும்புக்காகச் செய்தது. அதன் விளிம்பு கூராக இருக்கும். இரும்பு கெட்டியானது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டுப்படும். பிளாஸ்டிக்கில் அதே பிட் ஒரே கடியாகக் கடித்து இழுக்கும். பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நேரம்தான் ஆபத்து. அப்போதுதான் அடிப்பக்கம் பிய்ந்து விரிசல் விடும்.

இதற்கு என்ன வழி? பிளாஸ்டிக்குக்கு என்றே தனிப் பிட் கடையில் கிடைக்கும். அதன் முனை ஊசி போல நீண்டிருக்கும். அது இல்லை என்றால், தெரிந்தவர்கள் சாதாரணப் பிட்டின் விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்துக்கொள்வார்கள். பிறகு அது கடிக்காது, சீவும். மழுங்கிப் போன பழைய பிட் இதற்கு ஆகாது. அது வெட்டாமல் உரசும். உரசினால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பலகையின் மேல் ஒட்டி வரும் காகிதத்தை உரிக்காதீர்கள். அதன் மேலேயே பென்சிலால் குறி போடுங்கள். பலகைக்கு அடியில் சமமான மரப்பலகை ஒன்றை வையுங்கள். இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். சின்னத் துண்டு என்றால் இது கட்டாயம் வேண்டும். பிட் கடித்துவிட்டால் துண்டு சுழன்று கையைக் கிழிக்கும். மிஷினை மெதுவாக ஓட்டுங்கள். நடு நடுவே பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டுங்கள். சீவல் சுருள் சுருளாக வந்தால் வேலை சரி. பிசுபிசு என்று வந்தால் சூடேறிவிட்டது, ஆற விடுங்கள். முடியப் போகும் நேரத்தில் கையின் அழுத்தத்தைக் குறையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். முந்தானை, துண்டு எதுவும் மிஷின் பக்கம் தொங்கக் கூடாது.

சிலர் கம்பியைக் காய்ச்சிக் குத்துகிறார்கள். சுலபம்தான். ஆனால் ஓட்டையின் ஓரம் கட்டியாகி, பிறகு அங்கேயே விரிசல் விடும். பி.வி.சி. பிளாஸ்டிக்கைச் சுட்டால் வரும் புகை மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். மூடிய அறையில் இதைச் செய்வது கெடுதல்.

ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்குரூ சரியாக நுழையும் அளவு போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பிளாஸ்டிக் வெயிலில் நீளும். ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் பலகை 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். ஓர் அரிசியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர் கூட நீளாது. காலையில் குளிர்ந்திருந்த பலகை மதியம் நீளப் பார்க்கும். ஸ்குரூ இறுக்கிப் பிடித்திருந்தால் எங்கே போகும்? மாட்டும்போது உடையாத பலகை கோடை வெயிலில் தானாக உடைவது இதனால்தான். மாட்டியவர் மேல்தான் பழி வரும்.

ஆகவே 6 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 8 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். ஓரத்தில் இருந்து ஒரு விரல் அகலமாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். ரப்பர் வாஷர் வைத்து, பலகை ஆடாத அளவுக்கு மட்டும் திருகுங்கள். முழு பலம் காட்ட வேண்டாம். அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். தின்னர் தொட்டுத் துடைத்தால் ஓட்டையைச் சுற்றி முடி போல விரிசல் ஓடும்.

கூரைக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் இதே முறைதான். அதில் ஓட்டையை மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் மழை ஒழுகும். அந்த ஷீட்டின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள். அது ஆளைத் தாங்காது. உடைந்து கீழே விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. அடியில் உள்ள சட்டங்களின் மேல் கெட்டியான பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.