மின்மைத் திரையா, ஒளித்திரையா?

ஏட்டினின்று அச்சுக்கு வந்த தமிழ் இன்று திரைக்கும் வந்துவிட்டது. எத்திரையில் வாசிப்பது என்பதே இனி எழும் வினா.

மின்மைத் திரை கடதாசியைப் போன்றது. நுண்குமிழ்களுள் மிதக்கும் கருந்துகள்களும் வெண்டுகள்களும் மின்விசையால் இடம்பெயர்ந்து எழுத்தாகின்றன. வெயிலில் அவ்வெழுத்து மங்காது. பக்கம் நிலைத்துநிற்க மின்சாரமும் வேண்டா. 2004இல் சோனியும் 2007இல் அமேசனும் இத்தகு கருவிகளை வெளியிட்டன. எல்.சி.டி. திரையோ பின்னொளியால் விளங்குவது; வண்ணமும் விரைவும் அதன் சிறப்பு.

நெடுநேரம் நாவல் வாசிப்போர்க்கு மின்மையே ஏற்றது. ஆயின் ஈழத்துப் பழைய இலக்கியத்தை நாடுவோர் நிலை வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் நம் நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே காத்துவருகிறது. படத்திலுள்ள எழுத்தைத் திரையின் அளவுக்கேற்ப மாற்றியடுக்க இயலாது. ஆறங்குல மின்மைத் திரையில் பழைய இதழின் பக்கம் எறும்புச் சாரையாய்ச் சுருங்கிவிடும். பெருக்கி நகர்த்தினால் திரை தயங்கும்.

ஆதலின், பழைய இதழ்களை ஆராயும் மாணவர் பத்தங்குல எல்.சி.டி. திரையைக் கொள்வதே தகும். அப்பக்கங்களை எழுத்துருவாக்கித் தந்தால் எத்திரையிலும் அவை வாசிக்கப்படும். அப்பணி நம் ஆசிரியர்களையும் மாணவர்களையும் எதிர்நோக்கி நிற்கிறது.