கடவுளரைக் கொன்றவன் தகப்பனானபோது

‘காட் ஆஃப் வார்’ வீடியோ கேம் வரிசையை முதலிலிருந்து ஆடி வந்தவர்களுக்குத் தெரியும்: அந்த ரத்தக்கறையில் பாதி நம் கையிலும் இருக்கிறது.

ஹைட்ரா என்ற பலதலைப் பாம்பின் தொண்டைக்குள் ஒரு கப்பல் தலைவன் தொங்கிக்கொண்டிருக்கிறான். கீழே வயிற்றுக் குழி. நாம் ஆட்டிவைக்கும் நாயகன் கிரேட்டோஸ் எட்டிப் பிடிக்கிறான். தன்னைக் காப்பாற்றத்தான் திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்து, அந்த மனிதன் தெய்வங்களுக்கு நன்றி சொல்கிறான். கிரேட்டோஸ் அவன் கழுத்தில் கிடந்த சாவியைப் பறித்துக்கொண்டு, உனக்காக வரவில்லை என்று சொல்லி ஆளை அப்படியே விட்டுவிடுகிறான். சாவி நமக்குத் தேவை. அது இல்லாமல் அடுத்த கதவு திறக்காது. கொஞ்சம் அதிர்ந்துவிட்டு நாமும் அடுத்த கதவுக்கு ஓடுகிறோம்.

2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘காட் ஆஃப் வார்’ ஆட்டத்தின் தொடக்கப் பகுதியிலேயே வரும் காட்சி இது. சோனிக்குச் சொந்தமான சான்டா மோனிகா ஸ்டுடியோ தயாரிக்க, டேவிட் ஜாஃபி இயக்கினார். அங்கிருந்து 2023 டிசம்பரில் இலவசமாக வந்த ‘வல்ஹல்லா’ இணைப்பு வரை, இதே ஆளை ஏறத்தாழ 19 ஆண்டுகளாக வீடியோ கேம் ரசிகர்கள் நடத்திச் சென்றிருக்கிறார்கள். கிரேக்கப் புராணத்தில் தொடங்கி, வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்துக்குக் குடிபெயர்ந்த கதை. தனித்தனியாக ஆடினால் ஒவ்வொன்றும் ஒரு சண்டை ஆட்டம். வரிசையாக ஆடினால் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நீண்ட வழக்கு.

சாம்பல் பூசிய உடம்பு

ஸ்பார்ட்டாவின் தளபதி கிரேட்டோஸ். காட்டுமிராண்டிப் படை ஒன்றிடம் தோற்று உயிர் போகும் நேரத்தில் போர்க் கடவுள் ஏரீஸை அழைத்து, என் எதிரிகளை அழி, என் உயிர் உனக்கு என்கிறான். ஏரீஸ் ஒப்புக்கொள்கிறான். சங்கிலி கோத்த இரண்டு வாள்கள் கிரேட்டோஸின் முன்கைகளில் பழுக்கக் காய்ச்சிப் பிணைக்கப்படுகின்றன. பிறகு ஒரு நாள், ஏரீஸுக்காகக் கிராமம் ஒன்றைச் சூறையாடும்போது, கோயிலுக்குள் இருந்தவர்களை வெறியில் வெட்டிச் சாய்க்கிறான். வெறி தெளிந்து பார்த்தால் கிடப்பது மனைவி லைசாண்ட்ராவும் மகள் கேலியோப்பியும். சிதைச் சாம்பல் அவன் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வெளுத்த உடம்புக்குக் காரணம் இதுதான்.

இந்த முடிச்சு ஸ்டுடியோவின் சொந்தச் சரக்கு அல்ல. ஹீரா ஏவிய பித்தில் ஹெராக்ளீஸ் தன் மனைவி மெகாராவையும் பிள்ளைகளையும் கொன்ற கதையை யூரிபிடீஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே நாடகமாக்கிவிட்டார். கிரேட்டோஸ் என்ற பெயரும் பழையது. எஸ்கிலஸ் எழுதியதாகச் சொல்லப்படும் புரோமிதியஸ் நாடகத்தில், ஸியூஸின் கட்டளைப்படி புரோமிதியஸைப் பாறையோடு பிணைக்க இழுத்து வரும் அடியாள் ஒரு கிரேட்டோஸ். 2007-இல் வந்த இரண்டாம் பாகத்திலோ நம் கிரேட்டோஸ் அதே புரோமிதியஸைச் சந்தித்து, சாவுக்காகக் கெஞ்சுபவனை நெருப்பில் விழவிட்டு விடுதலை தருகிறான்.

கிரேக்க ஆட்டங்களில் கேமரா நம் கையில் இல்லை. எங்கோ உயரத்தில் நின்று அதுவே காட்சியைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் பாகத்தில் பண்டோராவின் கோயிலைத் தேடிப் பாலைவனத்துக்குப் போகிறோம். கோயில் தரையில் இல்லை. தண்டனையாக அதை முதுகில் சுமந்தபடி டைட்டன் குரோனோஸ் மணலில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். அந்த மலை போன்ற உடம்பில் கிரேட்டோஸ் எறும்பாக ஏறுகிறான். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது செத்து விழுபவர்களின் முகம் தெரிவதில்லை. கூண்டில் அடைபட்ட ஒரு வீரனைச் சரிவில் தள்ளிக்கொண்டு போய்த் தீயில் பலி கொடுத்தால்தான் வழி திறக்கும் என்று கோயிலுக்குள் ஓர் இடம் வருகிறது. அவன் கெஞ்சக் கெஞ்சத் தள்ளுகிறோம். நமக்கு அது ஒரு புதிர், அவ்வளவுதான்.

அப்பனைக் கொல்லும் குலத்தொழில்

சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் ஹெஸியட் பாடிவைத்த கிரேக்கக் கடவுளர் பரம்பரையே தகப்பன்–மகன் பகையின் வரலாறு. யுரேனஸின் ஆண்மையை அறுத்தெறிந்து மகன் குரோனோஸ் ஆட்சிக்கு வருகிறான். தனக்கும் இதே கதி என்று குறி சொல்லக் கேட்டு, பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் விழுங்குகிறான். தப்பிப் பிழைத்த ஸியூஸ் அவனை வீழ்த்துகிறான். ஸியூஸுக்கும் அதே பயம் தொற்றிக்கொள்கிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில், கிரேட்டோஸ் ஸியூஸின் மகன் என்று தெரியவரும்போது வழக்கமான திரைப்படத் திருப்பம்போலத்தான் தோன்றும். ஆனால் ஹெஸியட் நிறுத்திய இடத்திலிருந்து நூல் பிடித்ததுபோல் அடுத்த தலைமுறையைச் சேர்த்திருக்கிறார்கள்.

2010-இல் ஸ்டிக் அஸ்முசன் இயக்கி, பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த மூன்றாம் பாகம் இந்தக் குலத்தொழிலின் உச்சம். போசைடன் செத்ததும் கடல் பொங்கி நிலத்தை விழுங்குகிறது. ஹீலியோஸின் தலையைக் கையால் பிய்த்து எடுத்து விளக்காகப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். வானத்தில் சூரியன் இல்லை. ஹெர்மீஸ் செத்தால் கொள்ளைநோய், ஹீரா செத்தால் பயிர்பச்சை கருகல். பழிவாங்கல் முடியும்போது காப்பாற்ற உலகமே மிச்சமில்லை.

இந்த ஆட்டத்தில் ஓர் இடத்தில் கேமரா கீழே இறங்குகிறது. போசைடன் அடிபட்டு நகர முடியாமல் கிடக்கும்போது, திரை அவன் கண்ணாக மாறுகிறது. நம்மை நோக்கி வருவது கிரேட்டோஸின் முகம். கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் கட்டைவிரல்களால் உள்ளே அழுத்தச் சொல்கிறது திரை. அழுத்தினால் போசைடனின் இரு கண்களும் நசுங்குகின்றன. அழுத்துவது நாம், அனுபவிப்பவன் கண்ணால் பார்ப்பதும் நாம். இதுவரை யாருக்காகக் கைதட்டினோம் என்ற கேள்வி எனக்கு முதலில் எழுந்தது இங்கேதான்.

குறையும் சொல்ல வேண்டும். கிரேக்க ஆட்டங்கள் பெண்களை நடத்திய விதம் கேவலம். படுக்கையறை மினி கேம்கள் ஒரு பக்கம். மூன்றாம் பாகத்தில் போசைடனின் இளவரசி என்று ஒருத்தியைச் சங்கிலியில் இழுத்துப்போய், கதவு மூடாதிருக்க முட்டுக்கொடுத்துச் சாகவிடுவது இன்னொரு பக்கம். 2013-இல் வந்த ‘அசென்ஷன்’ முன்கதையில் படத்தின் அழகு கூடியதே தவிர, சொல்லப் புதிதாக எதுவும் இருக்கவில்லை. கோபத்தை மட்டும் எரிபொருளாக வைத்து ஓடிய வண்டி அதோடு நின்றுபோனது.

தோளுக்குப் பின்னால் நின்ற கேமரா

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018-இல் கோரி பார்லாக் அந்த ஆளை மீண்டும் எழுப்பினார். இரண்டாம் பாகத்தை இயக்கியவர். இடைப்பட்ட காலத்தில் தானும் ஒரு மகனுக்குத் தகப்பனாகியிருந்தார். தாடி வைத்த கிரேட்டோஸ் பனிக்காட்டில் ஒரு மரத்தை வெட்டுகிறான். இரண்டாம் மனைவி ஃபேயின் சிதைக்கு விறகு. பக்கத்தில் அவர்களின் மகன், சிறுவன் அட்ரியஸ். தாயின் சாம்பலை ஒன்பது உலகங்களிலும் மிக உயர்ந்த சிகரத்தில் தூவ வேண்டும் என்பதுதான் பயணம். குரலும் மாறியது: கிரேக்கக் காலத்து டெரன்ஸ் சி. கார்சனின் கர்ஜனைக்குப் பதிலாக, கிறிஸ்டோபர் ஜட்ஜின் அடித்தொண்டை உறுமல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கேமராவுக்குத்தான். அது வானத்திலிருந்து இறங்கி, கிரேட்டோஸின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வெட்டுகூட இல்லாத ஒரே ஓட்டம். தூரத்திலிருந்து கொன்றபோது தெரியாத முகங்கள் எல்லாம் இப்போது தெரிகின்றன. தாயை இழந்த அட்ரியஸ் முதல் மானைக் கொன்றுவிட்டுக் கலங்கி நிற்கும்போது, கிரேட்டோஸ் அவன் முதுகைத் தொடக் கை நீட்டுகிறான். தொடாமல் கையை இழுத்துக்கொள்கிறான். கப்பல் தலைவனின் கழுத்தில் சாவியைப் பறித்த அதே கை.

ஆட்டமும் அதற்கேற்ப வேகம் தணிகிறது. கையில் லெவயதன் கோடரி. வீசிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் சுழன்று திரும்பி, உள்ளங்கையில் ‘தொப்’பென்று விழும். அந்த அதிர்வுக்காகவே சும்மா வீசிப் பார்க்காதவர்கள் குறைவு. இன்னொரு பட்டன் மகனுக்கு: அதை அழுத்தினால் அவன் அம்பு விடுவான். சண்டைக்கு நடுவே படகுப் பயணங்கள். கிரேட்டோஸ் முயல்–ஆமைக் கதையைச் சுவாரசியம் துளியும் இல்லாமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்க, பையன் உதட்டைப் பிதுக்குகிறான். கரையில் இறங்கினால் பாதியில் நிற்கும் கதை, மறுபடி படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

பழைய நூல்களையும் நன்றாகவே படித்திருக்கிறார்கள். நார்ஸ் கதைகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தது 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து ஏடுகளிலிருந்து. அப்போது அந்நாடு கிறிஸ்துவத்துக்கு மாறி 200 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஸ்னோரி ஸ்டர்லுசன் தொகுத்த அந்தக் கதைகளில், மகன் பால்டருக்குத் தீங்கு செய்வதில்லை என்று உலகப் பொருள் அனைத்திடமும் தாய் ஃபிரிக் சத்தியம் வாங்குகிறாள். மிக இளையது என்று விட்டுவைத்த புல்லுருவிதான் எமனாகிறது. ஆட்டத்தில் ஃபிரிக்கும் ஃப்ரேயாவும் ஒருத்தியே. தாய் போட்ட மந்திரம் பால்டரைச் சாகாதவனாக்கியதோடு வலி, சுவை, சூடு எதுவும் தெரியாதவனாகவும் ஆக்கிவிட்டது. நன்மை செய்யப்போய்ப் பிள்ளையை உயிரோடு புதைத்த அந்தத் தாயின் கழுத்தைப் பால்டர் நெரிக்கும்போது, மந்திரம் முறிந்துபோன அவனைக் கிரேட்டோஸ் கொன்று ஃப்ரேயாவைக் காப்பாற்றுகிறான். பெற்றவரைப் பிள்ளை கொல்லும் சங்கிலி இங்கே அறுபடட்டும் என்பது அவன் எண்ணம். காப்பாற்றப்பட்டவளோ அவனைச் சபிக்கிறாள்.

விதி என்று ஒன்று உண்டா?

2022 நவம்பரில் எரிக் வில்லியம்ஸ் இயக்கத்தில் வந்த ‘ராக்னராக்’ முதல் வாரத்திலேயே 51 லட்சம் பிரதிகள் விற்றது. இந்த வரிசை மொத்தத்துக்கும் திறவுகோல் என்று நான் நினைக்கும் காட்சி இதில்தான் இருக்கிறது.

முதலில் 2007-க்குப் போக வேண்டும். இரண்டாம் பாகத்தில் விதியை நூற்கும் மூன்று சகோதரிகள் ஒரு தீவில் இருக்கிறார்கள். நூல் அவர்கள் கையில்; மூவரையும் கொன்றால் காலத்தையே திருப்பலாம். கொன்றோம், திருப்பினோம். விதி என்பது யாரோ ஒருவரின் கையில் இருக்கும் பொருள், பிடுங்கினால் வந்துவிடும்.

‘ராக்னராக்’கில் கிரேட்டோஸும் ஃப்ரேயாவும் நார்ன்கள் என்ற வேறு மூன்று பெண்களைப் பார்க்கப் போகிறார்கள். தன் சாவைச் சுவரோவியமாகவே பார்த்துவிட்டவன் அவன். மாற்ற வழி கேட்கிறான். அவர்கள் கிண்டலாகச் சிரிக்கிறார்கள். நூலும் இல்லை, தறியும் இல்லை. நீங்கள் எப்போதும் செய்வதையே செய்வீர்கள், அதனால் நடக்கப்போவதைச் சொல்வது எங்களுக்குச் சுலபம் என்கிறார்கள். கொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. மாற வேண்டியது கிரேட்டோஸ். கூடவே, பட்டனைப் பிடித்திருக்கும் நாமும்.

அதனால்தான் இடிக் கடவுள் தோருடன் நடக்கும் கடைசிச் சண்டையில், அடித்து வீழ்த்திய பிறகு கிரேட்டோஸ் ஆயுதத்தைத் தாழ்த்துவது எடுபடுகிறது. நம் பிள்ளைகளுக்காக நாம் மாற வேண்டும் என்கிறான். தோர் கேட்டுக்கொள்கிறான், அதற்கு விலையாகத் தன் தகப்பன் ஓடின் கையில் உயிரை விடுகிறான். ஏட்டுக் கதையில் தோரும் மாபாம்பும் ஒருவரையொருவர் கொன்று மடிய வேண்டும், ஓடினை ஓநாய் விழுங்க வேண்டும். அத்தனையும் மாறிவிட்டது. ‘வல்ஹல்லா’வில், பிய்த்தெறிந்த ஹீலியோஸின் தலை வந்து கிரேட்டோஸைப் பழைய கணக்குக் கேட்கிறது. 2010-இல் அந்தத் தலையை விளக்காகப் பிடித்தவர்களுக்கு அந்தக் கேலி நேராக உறைக்கும்.

பூசையில்லாத தெய்வங்கள்

இந்தச் சுதந்திரம் எல்லாப் புராணத்துக்கும் கிடைக்காது. 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கி, பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ ஓர் எளிய சாகச ஆட்டம். தெய்வத்தைக் கன்ட்ரோலரால் ஆட்டிவைப்பது அவமதிப்பு என்று அமெரிக்க இந்து அமைப்புத் தலைவர் ஒருவர் திரும்பப் பெறச் சொன்னார். அதே கருவியில் ஏரீஸின் நெஞ்சில் வாளை இறக்கியபோது அப்படி வழக்காட ஒலிம்பஸுக்குப் பெரிய பக்தர் கூட்டம் இல்லை. ஐஸ்லாந்தில் 1973-இல் சட்ட அங்கீகாரம் பெற்ற ஆசாட்ரு அமைப்பைப் போலச் சிறு குழுக்கள் பழைய கடவுளரை இன்றும் வணங்குகின்றன என்றாலும், வீட்டுக்கு வீடு விளக்கேற்றப்படும் தெய்வங்கள் அல்ல அவை. கும்பிடுகிறவர்கள் குறைந்த இடத்தில்தான் தெய்வத்தைக் கதாபாத்திரமாக்கும் துணிச்சல் எளிதில் வருகிறது. ‘காட் ஆஃப் வார்’ அந்தத் துணிச்சலை முதலில் ரத்தத்துக்குச் செலவழித்தது, பிறகுதான் சிந்தனைக்கு.

எங்கிருந்து தொடங்குவது?

இவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆட்டங்கள்; பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். 2018 ஆட்டமும் ‘ராக்னராக்’கும் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கின்றன. மூன்றாம் பாகம் மெருகேற்றப்பட்டு பிளேஸ்டேஷன் 4-க்கு வந்திருக்கிறது. முதல் இரண்டுக்குப் பழைய கருவி தேவைப்படலாம். எல்லாம் முடியாதவர்கள் மூன்றாம் பாகத்தையாவது ஆடிவிட்டு 2018-க்கு வரலாம். நேராக 2018-இல் தொடங்குபவருக்குக் கிரேட்டோஸ், பேசத் தெரியாத ஒரு நல்ல அப்பா. போசைடனின் கண்ணில் விரல் வைத்து அழுத்திவிட்டு வருபவரோ, மகனை நோக்கி நீளும் அந்தக் கையை லேசில் நம்பமாட்டார். கிரேட்டோஸுக்கே அந்தக் கையின்மேல் நம்பிக்கை கிடையாது. அந்த அவநம்பிக்கையோடு ஆடினால்தான் இந்த ஆட்டம் முழுதாகக் கிடைக்கும்.